செட்டிநாட்டு ரயில் நிலையங்களில் ஊர்க்கலை: சுவரில் கை வைக்கும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஊர்ச் சங்கமோ, பள்ளியின் பழைய மாணவர்களோ, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் ஊர்க்காரர்களோ "நம்ம ஸ்டேஷனுக்கு ஏதாவது செய்வோம்" என்று முன்வரும்போது எழும் கேள்விகள் இவை. காரைக்குடி, செட்டிநாடு, தேவகோட்டை ரஸ்தா, கல்லல் போன்ற நிலையங்களை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பேருந்து நிலையத்துக்கும் பெரும்பாலும் இவையே பொருந்தும். மாறுபடும் இடத்தைத் தனியே சொல்லியிருக்கிறோம்.

எல்லா நிலையத்திலும் ஒரே மாதிரி ஒரு செட்டியார் வீட்டு முகப்பை வரைந்துவிட்டால் என்ன?

வேண்டாம். ரயிலில் வருகிறவர் சுவரைப் பார்த்தே எந்த ஊர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு நிலையத்திலும் அதே தூணும் அதே கதவும் இருந்தால் அந்தப் பயன் போய்விடும்.

இந்தத் தடத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் சொந்தச் சரக்கு இருக்கிறது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும், அங்கிருந்து மானாமதுரைக்கு 1930-லும் ரயில் வந்தது. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து வட்டித் தொழில் செய்தவர்கள் பெட்டி படுக்கையோடு ஏறி இறங்கிய தடம் இது. செட்டிநாடு நிலையம் கானாடுகாத்தான் பக்கம் இருக்கிறது. அங்கே வீட்டுக் கட்டுமானத்தையே பொருளாக எடுக்கலாம்: முகப்பு, வளவு என்னும் நடுமுற்றம், இரண்டாம் கட்டு என்று நேர்கோட்டில் ஓடும் தரைப்படமே அழகான கோலம் போல இருக்கும். தேவகோட்டை ரஸ்தாவுக்கு யாரும் நினைக்காத ஒன்று உண்டு. ஏ.வி.எம். ஸ்டுடியோ 1940-களில் சென்னைக்குப் போவதற்கு முன் இயங்கியது அங்கேதான். ஒரு சிற்றூர் நிலையத்தின் பக்கத்தில் சினிமா எடுத்த கதையைச் சொல்ல அந்தச் சுவரை விடப் பொருத்தமான இடம் கிடையாது. காரைக்குடிக்குக் கண்டாங்கிச் சேலை, மரவேலை, அழகப்பச் செட்டியார் எழுப்பிய கல்லூரிகள், சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகம் என்று நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். நான்கையும் ஒரே சுவரில் திணித்தால் எதுவும் பதியாது. சற்றுத் தள்ளிப் போனால் மானாமதுரைக்குக் கடமும் மண்பாண்டமும், புதுக்கோட்டைக்குச் சித்தன்னவாசல் தாமரைக் குளமும் இருக்கின்றன.

இன்னொன்று. செட்டிநாடு என்றால் செட்டியார் மட்டும் இல்லை. ஆத்தங்குடிக் கல் என்னும் சிமெண்ட் ஓடுகளை வார்த்தவர், தூண் செதுக்கிய ஆசாரி, சுண்ணாம்பு அரைத்த சித்தாள், தறி போட்டவர், புரவி எடுப்புத் திருவிழாவுக்கு மண்குதிரை செய்த வேளார் என்னும் குயவர், கொட்டான் என்னும் ஓலைக்கூடை பின்னிய ஆச்சிமார் எல்லாரும் அந்தச் சுவரில் வர வேண்டும். உழைத்த கைகள் வராத செட்டிநாட்டுப் படம் பாதிப் படம்தான்.

கைவினையைப் படமாக வரைவதா, கைவினையையே பதிப்பதா?

முடிந்தவரை கைவினையையே பதியுங்கள். ஆத்தங்குடிக் கல்லைப் பெயிண்டில் வரைவதை விட ஆத்தங்குடிக் கல்லையே ஒட்டுவது மேல். பெயிண்ட் நாலைந்து வருடத்தில் வெளுக்கும். கல் தலைமுறை தாண்டி நிற்கும், காசும் கல் செய்கிறவர் வீட்டுக்கே போகும். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்தில் 1959-ல் சுரங்க ரயில் திறந்தபோது மரியா கெய்ல் என்ற ஓவியர் அந்த நாட்டு மரபான மெருகேற்றிய சுவர் ஓடுகளையே நிலையச் சுவர்களுக்கு வடிவமைத்தார். அந்த ஓடுகள் இன்றும் அழகாக நிற்கின்றன. பீகாரில் மதுபனி நிலையத்தில் 2017-ல் ஊர்க் கலைஞர்கள் திரண்டு மிதிலா ஓவியத்தால் சுவர்களை நிரப்பினார்கள். மிதிலா ஓவியம் சுவரில் வரைவதற்கென்றே பிறந்த கலை, அதனால் அங்கே அது சரி. நம் கலை கல், சுண்ணாம்பு, மரம், நூல், ஓலை. பொருளோடு பிறந்த கலையைப் பொருளாகவே காட்ட வேண்டும்.

அனுமதி யாரிடம் வாங்குவது?

காரைக்குடி, செட்டிநாடு, தேவகோட்டை ரஸ்தா எல்லாம் தெற்கு ரயில்வேயின் மதுரைக் கோட்டம். கோட்ட மேலாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். நிலைய அதிகாரி வாயால் "செய்யுங்க" என்றது போதாது, அவர் மாற்றலாகிப் போனதும் வேலை நின்றுவிடும். விண்ணப்பத்தோடு சுவரின் அளவு, 1:10 அளவில் வண்ணப்படம், பயன்படுத்தும் பொருள், கூடும் எடை, வேலை நாட்கள், பராமரிப்பை யார் ஏற்பது என்ற உறுதி ஆகிய அனைத்தும் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது இல்லாத விண்ணப்பம்தான் அதிகம் தேங்குகிறது.

தண்டவாளத்தைப் பார்த்த சுவர் என்றால் ரயில்வே மேற்பார்வையாளர் இல்லாமல் ஏணி வைக்கக் கூடாது. மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டியதில்லை, நெருங்கினாலே இழுக்கும். உடம்போ கருவியோ கம்பிக்கு 2 மீட்டருக்குள் போகக் கூடாது. இரும்பு ஏணி, நீளமான அலுமினிய மட்டப்பலகை, ஈர மூங்கில் மூன்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம்.

பேருந்து நிலையம் என்றால் உள்ளாட்சி அலுவலகம். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே மாநகராட்சி ஆணையரிடம் போக வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் எத்தனை வாங்க வேண்டும்?

உதாரணத்துக்கு 40 அடி நீளச் சுவரில் தரையிலிருந்து 4 அடி உயரத்துக்குப் பதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 8 அங்குலக் கல் என்றால் நீளவாக்கில் 60, உயரத்தில் 6 வரி, மொத்தம் 360 கல். வெட்டுக்கும் உடைசலுக்கும் நூற்றுக்கு எட்டு சேர்த்தால் 390. அதற்கு மேல் ஒவ்வொரு வடிவத்திலும் பத்துக் கல் கூடுதலாக வாங்கி, நிலையத்திலேயே ஒரு பெட்டியில் பூட்டி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு கல் உடைந்தால் அதே சாயத்தில் இன்னொன்று கிடைக்காது. கையால் கலக்கும் நிறம் கலவைக்குக் கலவை மாறும்.

இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள 8 அங்குலக் கல் ஒன்று ஏறக்குறைய 1.8 கிலோ. 360 கல்லும் சேர்ந்து 650 கிலோ, அதோடு சாந்தின் எடையும் உண்டு. செங்கல் சுவர் தாங்கும். தகரத் தடுப்பிலோ ஜிப்சம் பலகையிலோ நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

கல் எப்படிச் செய்யப்படுகிறது என்பது நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

வடிவம் வரைகிறவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, அதற்குள் உலோக அச்சை இறக்குவார்கள். அச்சின் ஒவ்வொரு அறையிலும் சிமெண்டும் சாயமும் கரைத்த குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை எடுத்ததும் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, பின்பு ஈரக் கலவை நிரப்பி அழுத்தி மட்டம் செய்வார்கள். கண்ணாடியோடு இறுக விட்டு, பிறகு நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். இதில் சூளை கிடையாது. மினுமினுப்பு முழுக்கக் கண்ணாடி தந்தது. எல்லாம் கைவேலை என்பதால் ஒவ்வொரு கல்லும் ஒரு நூல் கூடக் குறைய இருக்கும்.

இதிலிருந்து வடிவமைப்பாளர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. அச்சின் அறை குறுகினால் குழம்பு இறங்காது, ஆகவே விரல் கனத்துக்குக் குறைந்த கோடு வேண்டாம். ஒரு கல்லில் நான்கு நிறத்துக்கு மேல் போனால் நிறங்கள் ஒன்றோடொன்று கலங்கும். புகைப்படத்தைக் கொடுத்து "இதை அப்படியே கல்லில் வார்த்துக் கொடுங்க" என்று கேட்டால் நடக்காது. புது அச்சு செய்யத் தனிக் காசும் தனி நாளும் ஆகும். பட்டறையில் இருக்கும் பழைய அச்சுகளை முதலில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பல பட்டறைகளில் மறந்து கிடக்கும் அச்சுகளே புதிதாக வரைவதை விட அழகானவை.

பதிக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

முதல் தவறு பழைய பெயிண்ட் மேலேயே ஒட்டுவது. பெயிண்ட் உரியும்போது கல்லும் சேர்ந்து வரும். பெயிண்டும் பூச்சும் போய்ச் செங்கல் தெரியும்வரை கொத்தி, தூசியைக் கழுவி, முதல் நாளே சுவரை நனைத்து வைக்க வேண்டும்.

சாந்துக்குச் சிமெண்ட் ஒரு பங்கு, மணல் நான்கு பங்கு, கனம் 12 முதல் 15 மில்லிமீட்டர். கல்லின் பின்பக்கத்தை நனைத்துவிட்டுத் தண்ணீர் சொட்டாத பதத்தில் ஒட்டுங்கள். காய்ந்த கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், ஒரு மாதத்தில் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதைச் சொல்லும் பொள்ளல் சத்தம் கேட்கும். ஒரே நாளில் மூன்று வரிக்கு மேல் ஏற்றக் கூடாது. மேல்வரியின் எடையில் கீழ்வரி வழுகி இறங்கும், மறுநாள் ரசமட்டம் வைத்தால்தான் தெரியும். கல்லின் கனம் சீராக இருக்காது என்பதால் பின்பக்கத்தை வைத்து மட்டம் பார்க்காமல் முகத்தை வைத்துப் பாருங்கள்.

இடைவெளி ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் போதும். வெள்ளைச் சிமெண்டில் கல்லின் நிறத்தையே கலந்து நிரப்பி, உடனே ஈரத் துணியால் துடையுங்கள். அரை மணி நேரம் விட்டால் கறை ஏறிவிடும். அந்தக் கறையை எடுக்க ஆசிட் ஊற்றுவதுதான் மன்னிக்க முடியாத தவறு. கல்லின் முகம் சிமெண்ட், ஆசிட் அதைத் தின்றுவிடும், கண்ணாடி தந்த மினுக்கு திரும்ப வராது. நல்ல கல்லைப் பாழாக்க ஒரு பாட்டில் ஆசிட் போதும், அதனால் வேலை நடக்கும் இடத்துக்குள்ளேயே அதை விடாதீர்கள்.

பதித்த சில வாரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் நாளடைவில் அடங்கும். அடங்காமல் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால் சுவருக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். கல்லைப் பார்க்காமல் மேலே கூரையையும் மழைநீர்க் குழாயையும் பாருங்கள்.

நடைமேடைத் தரையில் ஆத்தங்குடிக் கல் போடலாமா?

கூடாது. நனைந்தால் வழுக்கும், பெட்டிச் சக்கரத்தில் கல்லின் முகம் கீறும். நடைமேடைக்குச் சொரசொரப்பான கருங்கல்தான். பார்வையற்றோருக்கான மஞ்சள் புடைப்புக் கல் வரியைத் தொடவே கூடாது, அதன் பக்கத்தில் மஞ்சள் நிற வடிவமும் வேண்டாம். காத்திருப்பு அறையின் உள்தரையில், மழைச் சாரல் வராத இடத்தில் போடலாம்.

அதைவிட நல்ல யோசனை திண்ணை. இரும்பு நாற்காலிக்குப் பதில் சுவரோரம் ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் திண்ணை கட்டி, மேலே கல் பதித்தால், வழிப்போக்கரை உட்காரவைத்த அந்தப் பழைய வழக்கமே நிலையத்துக்குள் வந்துவிடும். வெயிலில் குளிர்ச்சியாகவும் இருக்கும்.

முட்டை கலந்த சுண்ணாம்புப் பூச்சை நிலையத்தில் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் இடம் தேர வேண்டும். கூரைக்குக் கீழே, ஆட்கள் அதிகம் உரசாத சுவராக இருக்க வேண்டும். கீழே நான்கு அடிக்குக் கல், அதற்கு மேல் பூச்சு என்பதே செட்டிநாட்டு வீடுகள் பலவற்றிலும் காணும் முறை, நிலையத்துக்கும் அதுவே சரி.

நீற்றிய சுண்ணாம்பைச் சில வாரங்களாவது தண்ணீரில் ஊறவிட வேண்டும். நீறாத சிறு கட்டி ஒன்று தங்கினாலும் பூசிய பிறகு நீறி வெடித்துச் சுவரில் குழி விழும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் குழைத்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு முதல் மூன்று பங்கு மணல் சேர்த்து அடிப்பூச்சு. அடுத்த பூச்சுகள் வரவர மெல்லிதாகவும் மணல் வரவர நைசாகவும் இருக்கும். கடைசிப் பூச்சு வெண்ணெய்போல அரைத்த சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும். பதம் பார்த்து வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கு ஏற்றுவார்கள். தேய்ப்பு தொடங்கிய சுவரை அன்றைக்கே முடிக்க வேண்டும், பாதியில் நிறுத்திய இடம் கோடாகத் தெரியும். அதனால் ஒருநாளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலத்தைத் தூண், பட்டி என்று கட்டம் பிரித்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பு காற்றை உறிஞ்சித்தான் இறுகும். அவசரப்பட்டுக் கனமாக ஒரே பூச்சில் பூசினால் மேலே இறுகி உள்ளே பச்சையாக நிற்கும், பிறகு வெடிக்கும். இதே காரணத்தால் அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் அடிக்கக் கூடாது. சுவர் மூச்சு விட வழியில்லாமல் பெயிண்ட் கொப்பளித்து, சுண்ணாம்பையும் பிடுங்கிக்கொண்டு விழும். சித்திரை வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் தொடங்க வேண்டாம். தை, மாசி நல்ல மாதங்கள்.

பெயிண்டில்தான் செய்ய முடியும் என்ற நிலை. எப்படிச் செய்வது?

புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் காய விடுங்கள். பழைய சுவர் என்றால் உரிந்ததையெல்லாம் சுரண்டி, விரிசலை அடைத்து, வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை. 40 அடிக்கு 8 அடி, அதாவது 320 சதுர அடிக்குப் பிரைமர் சுமார் 3 லிட்டர், அடிநிற வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கைக்குச் சுமார் 6 லிட்டர். சொரசொரப்பான சுவர் கூடுதலாகக் குடிக்கும். 1:10 படத்தில் கட்டம் போட்டு, சுவரில் அடிக்கு அடி நூல் அடித்துக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்குங்கள். புரொஜெக்டர் வெளிச்சம் ரயில் ஓட்டுநரின் கண்ணில் படக்கூடிய இடத்தில் வைக்கவே கூடாது.

நிறத்தில் காவி, மஞ்சட்காவி, கறுப்பு, குரோமியம் ஆக்சைடு பச்சை ஆகியவை வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற ரோஸ், மெஜந்தா, எலுமிச்சை மஞ்சள் முதலில் போகும். மேற்குப் பார்த்த சுவரில் மனித முகம் வரைந்தால், தோல் நிறத்துக்குக் கலந்த ரோஸ் வெளுத்து இரண்டு வருடத்தில் முகம் பச்சை தட்டும். அந்தச் சுவரைக் காவி, கறுப்பு, வெள்ளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நம் மண்ணின் நிறமும் அதுதானே.

பழைய வீட்டுக் கதவையும் தூணையும் வாங்கி வைக்கலாமா? காரைக்குடியில் கிடைக்கிறதே?

முனீஸ்வரன் கோவில் தெருவில் கிடைக்கிறது, உண்மை. ஆனால் ஒவ்வொரு தூணும் இடிந்த ஒரு வீட்டிலிருந்து வந்தது. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கும் நேரத்தில், பொதுப்பணத்தில் பிய்த்தெடுத்த சாமானை வாங்கினால் இன்னொரு வீட்டைப் பிரிக்க விலை வைத்தது போலாகும். வாங்காதீர்கள். இங்கே செதுக்கத் தெரிந்த ஆசாரிகள் இருக்கிறார்கள், புதிதாகச் செய்யச் சொல்லுங்கள்.

தேக்கை இரும்பு ஆணியால் அடித்தால் மழைக்காலத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கறை இறங்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகே போடுங்கள். சுவரோடு ஒட்டாமல் அரை அங்குலம் இடைவெளி விட்டால் ஈரமும் கறையானும் உடனே கண்ணில் படும்.

கண்டாங்கி, கொட்டான் இவற்றை எப்படிக் காட்டுவது?

துணியையும் ஓலையையும் திறந்தவெளியில் தொங்கவிடாதீர்கள். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் தூள் படிந்து ஒரே மழைக்காலத்தில் துருநிறமாகிவிடும். தீ ஆபத்தும் உண்டு. கண்ணாடிப் பேழைக்குள் ஒரு கொட்டான் வைக்கலாம்.

கண்டாங்கி நமக்கு வசதியானது, ஏனென்றால் அது கட்டம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தச் சேலையின் அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்புக் கட்டங்களை ஒற்றை நிற ஆத்தங்குடிக் கற்களாலேயே சுவர் நீளத்துக்கு நெய்துவிடலாம். அச்சுச் செலவு கிடையாது. மேலே சொன்ன 60-க்கு 6 சுவரில் மேல்வரியும் கீழ்வரியும் கரை, நடு நான்கு வரி உடல். நெசவாளர் ஒருவரைக் கூட்டிவந்து கட்டத்தின் கணக்கைச் சரிபாருங்கள். கரைக்கும் உடலுக்கும் உள்ள பொருத்தம் அவர் கண்ணுக்குத்தான் தப்பாது.

சாமி படம்?

வாசற்கதவின் மேல் கஜலட்சுமி இல்லாத செட்டிநாட்டு வீடு அரிது. ஆனாலும் நிலையம் எல்லா மதத்தாரும் வந்துபோகும் இடம். தரையிலும் கால் படும் திண்ணையிலும் வேல், பாதம், தெய்வ உருவம் எதுவும் வரக் கூடாது. எச்சில் துப்பாமல் இருக்கச் சாமி படம் ஒட்டும் வழக்கத்தையும் விடுங்கள். துப்புகிறவர் துப்பத்தான் செய்கிறார், அவமதிப்புதான் மிஞ்சுகிறது. பழநிக்கு நடந்துபோகும் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) காவடியை நடக்கும் மனிதர்களின் வரிசையாகக் காட்டலாம். நிலையத்துக்கு நடை பொருத்தமான பொருள். நடுவீட்டுக் கோலத்தை விசேஷத்துக்கென்றே மாக்கோலமாக இடுவார்கள், அதைச் சுவரில் வையுங்கள், மிதிபடும் இடத்தில் வேண்டாம்.

வெற்றிலை எச்சிலுக்கு என்ன வழி?

நான்கு அடிக்குக் கல், மூலைகளில் அரக்கு அல்லது கறுப்பு, மூலைக்கு ஒரு விளக்கு. இருட்டு மூலைதான் துப்பலை அழைக்கிறது. கல்லில் பட்டால் அன்றைக்கே துடைத்தால் போகும். சுண்ணாம்புப் பூச்சில் பட்டால் போகவே போகாது.

எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும்?

3 மீட்டர் தூரத்துக்கு 25 மில்லிமீட்டர் உயரம் என்று கணக்கு வையுங்கள். எதிர் நடைமேடையிலிருந்து, சுமார் 9 மீட்டரில், படிக்க வேண்டியது 75 மில்லிமீட்டர். தமிழில் கொம்பும் சுழியும் நெருங்கினால் அடைத்துக்கொள்ளும், அதனால் தடிமனான எழுத்து வேண்டாம். மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துள்ள ஊர்ப்பெயர்ப் பலகையின் அருகே அதே நிறச் சேர்க்கையில் எதையும் எழுதாதீர்கள்.

செய்தவர் பெயர்களைப் பொறியுங்கள். கொடையாளர் பெயர் எந்த அளவோ, கல் வார்த்தவர், ஆசாரி, கொத்தனார், சித்தாள் பெயர்களும் அதே அளவில்.

பார்வையற்றவர்களுக்கு?

மூன்றரை அடிக்கும் நாலரை அடிக்கும் நடுவில் தொட்டுணரும் ஒரு பலகை போதும். செதுக்கிய மரமே இதற்குச் சிறந்த பொருள். பக்கத்தில் பிரெய்லில் நான்கு வரி. கூர்முனைகளை உப்புத்தாளால் மழுக்க மறக்காதீர்கள்.

திறந்த பிறகு என்ன செய்வது?

கல்லை வெறும் தண்ணீரால் துடையுங்கள். பினாயில், சலவைத்தூள் வேண்டாம். மாதம் ஒருமுறை துணியில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எண்ணெய் கூடினால் இரும்புத்தூள் அதில் ஒட்டும். ஐப்பசிக்கு முன் கூரை ஒழுக்கைப் பாருங்கள். வருடம் ஒருமுறை சாவியால் கல்லைத் தட்டிப் பொள்ளல் கேட்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, விழும் முன் எடுத்துத் திரும்பப் பதியுங்கள். பூட்டி வைத்த பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நிலைய அறையில் எழுதி ஒட்டி வையுங்கள்.